திண்டின் மூலையும் ஒரு மில்லிமீட்டர் மூக்கும்

எங்கள் குளியலறையின் நீளம் 2.1 மீட்டர், அகலம் 1.5 மீட்டர். கழிப்பறைப் பீங்கானுக்குப் பின்னால் ஓடும் குழாய்களை மறைப்பதற்காக அதில் 1.1 மீட்டர் உயரமும் 20 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட ஒரு திண்டைக் கட்டியிருந்தோம். அந்தத் திண்டு ஒரு சுவரில் தொடங்கி எதிர்ச்சுவரில் போய் முட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வேலை வந்திருக்காது. ஷவருக்கு இடம் விட வேண்டியிருந்ததால் அது ஒரு மீட்டரிலேயே நின்றுவிட்டது. அதனால் முன்பக்கம், பக்கவாட்டு, மேற்பரப்பு ஆகிய மூன்றும் வந்து கூடும் ஒரு முனை, கதவைத் திறந்து உள்ளே வருகிறவரின் கண்ணில் முதலில் படும்படி நீட்டிக்கொண்டு நின்றது. அந்த ஒரு முனையையும் அதிலிருந்து பிரியும் மூன்று விளிம்புகளையும் முடித்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுவர்களுக்கு டைல் ஒட்டித் தந்த மேஸ்திரி, "வெளிமூலைக்கெல்லாம் அலுமினியப் பட்டை வெச்சிடலாம் சார், அடிபட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்றார். அவர் சொன்னதில் பிழையேதும் இல்லை. பட்டையை டைலின் கனத்துக்கு ஏற்ப 8, 10, 12.5 மில்லிமீட்டர் என்று பார்த்து வாங்கி, பசையில் பதித்து, இரண்டு பக்கத்து டைலையும் அதில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் மூலை முடிந்தது. வாளி இடித்தாலும் உலோகமே அடியைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் சிறிய குளியலறையில் எதையும் தள்ளி நின்று பார்க்க இடமில்லை. மூன்று திசையிலிருந்தும் வரும் பட்டைகள் ஒரு முனையில் மோதிக்கொள்ளும் இடத்துக்கென்று தனியாக ஒரு மூடித் துண்டு விற்கிறார்கள்; எத்தனை நேர்த்தியாகப் பொருத்தினாலும் அது எனக்கு ஒட்டுப்போட்டது போலத்தான் தெரியும். ஆகவே டைலின் விளிம்புகளை 45 டிகிரிக்குச் சாய்த்து ஒன்றோடொன்று சேர்ப்பது என்றும், திண்டை மட்டும் நானே செய்வது என்றும் முடிவு செய்தேன். மேஸ்திரி மறுக்கவில்லை. "மூலைக்குன்னு நாலு டைல் சேர்த்து வாங்கி வெச்சுக்கங்க சார்" என்று மட்டும் சொன்னார். நான் ஆறு வாங்கினேன், ஐந்து தீர்ந்தது.

இந்த வேலைக்கு எல்லா டைலும் ஒத்துவராது. சாதாரண செராமிக் சுவர் டைலை உடைத்துப் பார்த்தால் மேலே கண்ணாடி போன்ற மெல்லிய கிளேஸும், அதற்குக் கீழே செங்கல் நிறத்திலோ வெளிர் மஞ்சளிலோ மண் உடலும் தெரியும். எவ்வளவு கவனமாகச் சாய்த்தாலும் அந்த உடல் மயிரிழைக் கோடாக மூலையில் எட்டிப் பார்க்கும். தன் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேலும் நீரைக் குடிக்கக்கூடிய உடல் அது என்பதால், கிளேஸ் பெயர்ந்த இடத்தில் நாளடைவில் கறையும் ஏறும். போர்சலின் வகையில் நீர் உறிஞ்சுதல் 0.5 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. உடல் கெட்டியாக இருப்பதால் விளிம்பு நிற்கும். நான் எடுத்தது 300க்கு 600 மி.மீ. அளவும் 9 மி.மீ. கனமும் உள்ள போர்சலின். மேலே பளபளப்பில்லாத சாம்பல் நிறம், உள்ளே அதைவிட ஒரு சாயல் வெளிறிய உடல். நிற வேறுபாடு இவ்வளவுதான் என்றால் துணிந்து இறங்கலாம். சிவப்பு உடல் கொண்ட செராமிக்காக இருந்திருந்தால் மேஸ்திரியின் பட்டைக்கே நானும் கை தூக்கியிருப்பேன்.

டைலைத் தொடுவதற்கு முன்பே சிமென்ட் பூச்சில் இரண்டு நாள் போயிற்று. ரசமட்டத்தைத் திண்டின் பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்தபோது, கீழிருந்து மேலே போவதற்குள் பூச்சு 5 மி.மீ. வெளியே சாய்ந்திருந்தது, மூலைமட்டத்தை வைத்தால் ஒரு கால் சுவரைத் தொட, மறுகாலின் நுனியில் வெளிச்சம் தெரிந்தது. சமதளச் சுவரில் இப்படிப்பட்ட கோணலைப் பசையின் கனத்தைக் கூட்டிக் குறைத்துச் சமாளித்துவிடலாம். சாய்த்துச் சேர்க்கும் மூலையில் அது நடக்காது. ஏனென்றால் முன்பக்க டைல் எவ்வளவு நீள வேண்டும் என்பதைப் பக்கவாட்டு டைலுக்குப் பின்னால் இருக்கும் பசையின் கனம்தான் முடிவு செய்கிறது, அந்தக் கனம் வரிசைக்கு வரிசை மாறினால் நீளமும் மாறி மூலை ஏணிப்படியாகிவிடும். எனவே முன்பக்கத்தில் ஒரு நேரான பலகையைத் தூக்குக்குண்டுக்கு ஒத்து நிறுத்தி, அதன் விளிம்பையே அளவாகக் கொண்டு பக்கவாட்டை மறுபடி பூசினேன். பிறகு பலகையை மாற்றி வைத்து முன்பக்கத்தையும் அப்படியே செய்தேன். காய்ந்த பின் நீர்க்காப்புப் பூச்சு, மூலையைச் சுற்றி வலைத்துணி பதித்து, இரண்டு கை. டைல்களுக்கு நடுவே நிரப்பும் பொருள் தண்ணீரைத் தடுக்கும் என்று நம்பி இந்தப் படியை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தடுப்பது பின்னால் இருக்கும் இந்தப் பூச்சுதான்.

இனிக் கணக்கு. டைல் 9 மி.மீ., அதன் பின்னால் பசை 4 மி.மீ.; ஆக, டைலின் முகம் பூச்சிலிருந்து 13 மி.மீ. வெளியே நிற்கும். முன்பக்க டைலும் பக்கவாட்டு டைலும் ஒன்று மற்றொன்றின் பூச்சைத் தாண்டி அதே 13 மி.மீ. நீண்டால் அவற்றின் முகங்கள் கத்தி முனை போன்ற ஒரே கோட்டில் சந்திக்கும். நான் முதலில் செய்தது அதுதான். கிளேஸ் வரைக்கும் சாய்வைக் கொண்டுபோய், இரண்டு துண்டுகளையும் மேசைமேல் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, ஒரே கல்லில் செதுக்கியது போல இருந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். காட்டி முடித்துத் துண்டுகளைப் பிரிக்கும்போதே ஒரு விளிம்பு நகத்தளவு சில்லாகப் பெயர்ந்தது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால், நுனியில் மிச்சமிருந்தது கிளேஸ் மட்டும்தான். அதைத் தாங்க அடியில் உடலே இல்லை. அப்படி ஒட்டியிருந்தால் குளிப்பவரின் முழங்கையில் கீறல் விழுந்திருக்கும், அல்லது முதல் வாளியில் மூலை பொரிந்திருக்கும்.

ஆகவே நுனியில் ஒரு மூக்கு விட வேண்டும். கிளேஸிலிருந்து கீழ்நோக்கி 1 மி.மீ. அளவுக்கு விளிம்பைச் செங்குத்தாகவே விட்டுவிட்டு, அதற்குக் கீழிருந்துதான் சாய்வு தொடங்குகிறது. இப்படி மூக்குள்ள இரண்டு டைல்களை, மூக்குகளின் அடிப்பகுதி ஒன்றையொன்று தொடும்படி நிறுத்தினால், வெளிமுனையில் 1 மி.மீ. பக்கமுள்ள சதுரப் பள்ளம் ஒன்று கிடைக்கும். அதைக் குறுக்காக நிரப்பி மட்டம் செய்தால் 1.4 மி.மீ. அகலத்தில் ஒரு மழுங்கிய பட்டை. தொடவிடாமல் ஒவ்வொரு டைலையும் இன்னும் அரை மில்லிமீட்டர் பின்னுக்கு இழுத்தால் அந்தப் பட்டை 2 மி.மீ.க்குச் சற்று மேலே போகும். நான் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது அளவு. அதாவது டைல் பூச்சைத் தாண்டி நீளுவது 13 அன்று, 11.5 மி.மீ. சாய்வையும் 45 டிகிரியில் நிறுத்தாமல் 47 டிகிரி வரை கொண்டுபோனேன். அந்த இரண்டு டிகிரியால் டைலின் பின்புறத்தில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கழிகிறது, முகம் சேர வரும்போது முதுகுகள் இடித்துக்கொள்வதில்லை, நிரப்பும் பொருளும் உள்ளே இறங்கிப் பிடிக்க இடம் கிடைக்கிறது.

வெட்டுவதற்கு, மேசையோடு வரும் நீர்விட்டு அறுக்கும் இயந்திரம் இருந்தால் தலையையோ தட்டையோ சாய்த்து வைத்து நிம்மதியாக வேலை செய்யலாம். என்னிடம் இருந்தது 100 மி.மீ. கிரைண்டர் ஒன்றுதான். நிமிடத்துக்கு 11,000 சுற்றை ஒட்டிச் சுழலும் அந்தச் சிறிய இயந்திரம் கையில் கொஞ்சம் அசைந்தாலும் கிளேஸைக் கடித்துவிடும் என்பதால் இரண்டு தவணையாகச் செய்தேன்: இடைவெளியில்லாத விளிம்புள்ள வைர பிளேடால் முதலில் கனத்தைக் கழிப்பது, கடைசி ஒரு மில்லிமீட்டரை வைரத்துகள் பதித்த தேய்ப்பு வட்டால் மெதுவாகக் கொண்டுவருவது. டைலின் முகத்தை மேலே வைத்து, விளிம்பை மேசைக்கு வெளியே நான்கு விரல் நீட்டி, கிரைண்டரை அடியிலிருந்து சாய்த்துப் பிடித்தால் கிளேஸின் ஓரம் எப்போதும் கண்ணுக்குத் தெரியும். விளிம்பில் கிளேஸுக்குக் கீழே ஒரு மில்லிமீட்டரில் பென்சிலால் கோடு கிழித்துக்கொண்டேன். சாய்வு அந்தக் கோட்டைத் தொடும்போது நிறுத்த வேண்டும். கோட்டை நெருங்க நெருங்கச் சத்தமே மாறும். கனமான உறுமல் மெலிந்து கீச்சென்று வரும்போது கை தானாகவே இலகுவாகிறது.

வட்டு எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வைரத்துகள்கள் கிளேஸிலிருந்து உடலை நோக்கி ஓடினால் கிளேஸை உடலோடு அழுத்திக்கொண்டு போகும். உடலிலிருந்து கிளேஸை நோக்கி ஓடினால் அதைத் தூக்கிப் பெயர்த்துவிடும். கையால் தேய்க்கும்போதும் இதே வழக்கம்தான், மேலிருந்து கீழாக ஒரே பக்கம். முன்னும் பின்னுமாகத் தேய்க்கக் கூடாது. சூடு இன்னொரு பகை. ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் கிளேஸில் நுண்ணிய விரிசல் ஓடும். ஆகவே 300 மி.மீ. நீளத்தையும் ஒரே வீச்சில் போய், திரும்ப வந்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டே செய்தேன். இந்த டைலின் தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலில் தங்குவது. வாயில் துணி கட்டிக்கொள்வது போதாது. நுண்துகளை வடிகட்டும் முகமூடியும் கண்ணாடியும் அணிந்து, வீட்டுக்கு வெளியே உட்கார்ந்துதான் வெட்ட வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் இருப்பதால் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் வழியாகவே இணைப்பு எடுத்தேன்.

கூடுதலாக வாங்கிய டைல்களில் ஒன்று, நான் சொன்ன கத்தி முனையில் போயிற்று. இன்னொன்று வெட்கக்கேடு: அருமையாகச் சாய்த்து முடித்துத் திண்டில் வைத்துப் பார்த்தால், வலது விளிம்புக்குப் பதிலாக இடது விளிம்பைச் சாய்த்திருந்தேன். அன்றைக்கே ஒவ்வொரு துண்டின் முதுகிலும் வரிசை எண்ணையும் "மூலை" என்று ஓர் அம்புக்குறியையும் எழுதத் தொடங்கினேன்.

துண்டுகளை எடுத்த விதம் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூலை அழகாகத் தெரிவதில் பாதி இதனால் வந்தது. 600 மி.மீ. டைல் ஒன்றை 210, 390 என்று இரண்டாக வெட்டி, வெட்டிய விளிம்புகளையே சாய்த்து, சிறியதைப் பக்கவாட்டுக்கும் பெரியதை முன்பக்கத்துக்கும் வைத்தேன். பிளேடு தின்றது ஒன்றரை மில்லிமீட்டர்தான். டைலில் ஓடும் மேக வடிவம் மூலையில் முறியாமல் வளைந்து திரும்புகிறது. திண்டின் நீளம் ஒரு மீட்டரை ஒட்டி இருந்ததால் 390க்கு அடுத்து ஒரு முழு டைல் கச்சிதமாக வந்து சுவரில் முடிந்தது.

ஒட்டும்போது ஒரு முகத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், கீழ் வரிசையிலிருந்து ஜோடி ஜோடியாக ஏறினேன். பாலிமர் கலந்த பசையைச் சுவரில் பல் கரண்டியால் இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லிய கோட்டாகத் தேய்த்து, சாய்வுக்கு ஒரு விரல் தூரத்திலேயே பசையை நிறுத்திவிட்டேன். அப்படியும் அழுத்தும்போது கொஞ்சம் பிதுங்கி வரும். அதை இறுகுவதற்குள் மெல்லிய மூங்கில் குச்சியால் வழித்து எடுக்காவிட்டால் பிறகு சேர்மானத்தை நிரப்ப ஆழம் கிடைக்காது. ஜோடி சேர்ந்தவுடன் மூலையைக் கட்டிப்பிடித்தாற்போல மாஸ்கிங் டேப்பை மூன்று இடத்தில் சுற்றி ஒட்டி, ரசமட்டத்தை இரண்டு முகத்திலும் வைத்துச் சரிபார்த்து, அப்புறம்தான் அடுத்த வரிசை. நான்கு வரிசைக்கு ஒரு முழு மாலை ஆயிற்று.

மேலே மூன்று முகமும் கூடும் இடம்தான் என்னை நிற்க வைத்தது. மேற்பரப்பு டைலுக்கு முன்விளிம்பிலும் பக்க விளிம்பிலுமாக இரண்டு சாய்வுகள். அவை கூடும் மூலையில் அடியில் பிடிமானமே இல்லாமல் ஒரு கூரான அலகு நீட்டிக்கொண்டிருக்கும். முதல் சாய்வை முடித்து, இரண்டாவதை உள்ளிருந்து தொடங்கி அலகை நோக்கி வந்தேன்; வட்டு வெளியேறும் நொடியில் அலகு டக்கென்று உடைந்து விழுந்தது. அடுத்த டைலில் இன்னும் மெதுவாக வந்தேன். இன்னும் மெதுவாக உடைந்தது. உட்கார்ந்து யோசித்தபோது காரணம் எளிதாகவே இருந்தது: வட்டு வெளியேறும் இடத்தில் அதன் தள்ளுதலைத் தாங்கப் பொருள் இல்லை. மூன்றாவது டைலில் அலகிலிருந்து தொடங்கி உள்நோக்கிப் போனேன். அடியில் ஒரு மரத்துண்டை அணைத்து, முகத்தில் டேப் ஒட்டி, கடைசி இழைப்பை இயந்திரம் இல்லாமல் கையில் பிடிக்கும் வைரத் தேய்ப்பானால் செய்தேன். அலகு நின்றது. அதையும் ஒரு மில்லிமீட்டர் மூக்குக்கு மழுக்கியபோது, மூன்று மழுங்கிய பட்டைகளும் கூடும் இடத்தில் அரிசி நொய்யளவு முக்கோணக் குழி ஒன்று மிஞ்சியது. மேற்பரப்பில் தண்ணீர் தேங்காதிருக்க 2 மி.மீ. முன்சாய்வு கொடுத்திருந்தேன், அந்தச் சாய்வு முன் விளிம்பின் கோணத்தைச் சற்றே விரித்தாலும், நிரப்பும் பட்டையில் அது கரைந்துவிடுகிறது.

ஒரு நாள் இறுக விட்டு, சேர்மானங்களை எபாக்சி என்ற பிசின் கலவையால் நிரப்பினேன். சிமென்ட் வகைக் கலவையும் நிற்கும். ஆனால் உடலால் உரசிப் போகும் வெளிமூலையில் அது நாளடைவில் பொடியும் என்பதால் எபாக்சிக்கே போனேன். நிறத்தைக் கிளேஸுக்கு ஒத்துப் பார்ப்பதா உடலுக்கு ஒத்துப் பார்ப்பதா என்று குழம்பி, ஒரு கழிவு மூலையில் இரண்டையும் பூசிக் காயவைத்துப் பார்த்தேன். கிளேஸைவிட அரைச் சாயல் அடர்ந்தது கண்ணுக்கே தெரியவில்லை, வெளிர் நிறம் சுண்ணாம்புக் கோடு போல எழுந்து நின்றது. விளிம்புக்கு இருபுறமும் டேப் ஒட்டி, கலவையைச் சிறிது சிறிதாகப் பிசைந்து (கலந்த பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் கையில் நிற்காது, கிண்ணத்திலேயே சூடேறிக் கெட்டிப்பட்டுவிடும்), பிளாஸ்டிக் கத்தியால் ஆழத்துக்குத் தள்ளி நிரப்பினேன். பிறகு ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையை இரண்டு மூக்கையும் தொடும்படி சாய்த்துப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. நின்று நின்று இழுத்தால் நின்ற இடமெல்லாம் வரி விழும். முக்கோணக் குழியை மட்டும் ஈரமான கையுறை விரலால் உருட்டிவிட்டேன். டேப்பைக் கலவை இறுகுவதற்கு முன்பே, விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக மடக்கி உரித்தாக வேண்டும். இறுகிய பின் உரித்தால் ஓரம் பிய்ந்துகொண்டு வரும். முகத்தில் படிந்த மெல்லிய படலத்தை அப்போதே ஈரப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும், மறுநாள் அது எதற்கும் மசியாது.

மறுநாள் 400 எண் வைரத் தேய்ப்பானைத் தண்ணீரில் நனைத்து, விளிம்பின் மேல் நான்கே நான்கு முறை இழுத்தேன். கிளேஸின் ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் நெருடல் போவதற்கு அது போதும். அதற்கு மேல் தேய்த்தால் உடல் தெரியத் தொடங்கும். காலுறை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு மூலையை மேலிருந்து கீழே தடவினேன். நூல் சிக்கும் இடம் எதுவோ அங்கே இன்னும் கூர் இருக்கிறது. இரண்டாவது வரிசையில் ஒரே இடத்தில் சிக்கியது, அங்கே மட்டும் ஓர் இழுப்பு கூடுதல்.

ஷவர் சுவரில் இருந்த மாடத்துக்கும் இதே முறைதான், அதனால் விரிக்கவில்லை. ஒன்று மட்டும்: மாடத்தின் ஓரங்களும் டைல் இடைவெளிகளும் ஒரே கோட்டில் வரும்படி முன்கூட்டியே அளந்துவிட்டால், டைலை 'ட' வடிவில் வெட்டிச் சாய்க்கும் தலைவலி மிச்சமாகும். நான் மூன்று பக்கத்தில் அப்படி அமைத்தேன். நான்காவது பக்கத்தில் தவறவிட்டு, ஐந்தாவது டைலை அங்கேதான் இழந்தேன்.

முடிந்த இரண்டு வாரத்தில் ஷவர் கைப்பிடி நழுவித் திண்டின் இரண்டாவது வரிசையில் விழுந்து, மூலையில் ஒரு மில்லிமீட்டர் சில்லைப் பெயர்த்தது. மிச்சமிருந்த எபாக்சியில் பட்டாணியளவு கலந்து, பல் குத்தும் குச்சியால் வைத்து, இறுகிய பின் புது பிளேடால் கிளேஸ் மட்டத்துக்குச் சீவினேன். இரவில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துத் தேடியும் எனக்கே இடம் தெரியவில்லை. குழாய்த் திருகு ஒன்றைச் சரிசெய்ய வந்த மேஸ்திரி, வேலையை முடித்துக் கை கழுவிவிட்டு, திண்டின் மூலையில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து மெதுவாக இறக்கினார். இரண்டாவது வரிசைக்கு வந்ததும் விரல் நின்றது. "இங்க ஒட்டு போட்டிருக்கீங்க சார்" என்றார்.